ஆஸ்கர் நடிகர் பிரிவு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாடமியின் நடிகர் பிரிவில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்கர் நடிப்பு விருதுகளின் இறுதிச் சுற்றில் இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் என்று அகாடமி உறுப்பினர்கள் எல்லோருமே வாக்களிக்கலாம். ஆனால் போட்டியில் நிற்கப்போகும் அந்த ஐந்து பேர் யார் என்பதை நடிகர்களாகிய நீங்கள் மட்டும்தான் முடிவு செய்கிறீர்கள். அதனால்தான் இந்த மடலை அகாடமிக்குப் பொதுவாக எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். சூப்பர் ஹீரோ படங்களில் வரும் நடிப்பை நீங்கள் எடைபோடும் விதம் நியாயமாக இல்லை. நடிப்பு எவ்வளவு கஷ்டமான வேலை என்று உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் கிடையாது. தெரியாதவர்கள் செய்தால் விட்டுவிடலாம், தெரிந்தவர்களே செய்யும்போது மனசு கேட்கவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்களில் வரும் நடிப்பெல்லாம் விருதுக்குரியது என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை அப்படி இல்லை. இரண்டு சண்டைகளுக்கு நடுவே நாலு கேலி வசனம், கடைசியில் வானத்தைப் பார்த்து ஒரு முறைப்பு, அவ்வளவுதான் என்று முடிந்துபோகும் பாத்திரங்கள் ஏராளம். இத்தனை கோடி வசூலானது, இத்தனை பேர் பார்த்தார்கள், ஆகவே விருது கொடுங்கள் என்பதும் என் வாதமில்லை. கூட்டம் வேறு, நடிப்பு வேறு. ஒரு நல்ல நடிப்பு சூப்பர் ஹீரோ படத்தில் வந்துவிட்டது என்பதற்காகவே அதைப் பின்வரிசைக்குத் தள்ளாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

எங்கே தள்ளினோம், ஹீத் லெட்ஜருக்குக் கொடுத்தோமே என்பீர்கள். கொடுத்தீர்கள், சந்தோஷம். 2008 ஜனவரியில் அவர் இறந்தார். 'தி டார்க் நைட்' அதற்குச் சில மாதங்கள் கழித்து வெளியானது. 2009 பிப்ரவரியில் சிறந்த துணை நடிகர் விருதை அவருடைய அப்பாவும் அம்மாவும் சகோதரியும் மேடையேறி வாங்கிக்கொண்டார்கள். அது அனுதாபத்தில் கிடைத்த விருது என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். படத்தைத் திரும்பப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. வாயோரத்துத் தழும்புகள் எப்படி வந்தன என்று அவர் நடித்த வில்லன் ஜோக்கர் இரண்டு பேரிடம் இரண்டு கதை சொல்கிறான். ஒன்றில் காரணம் அப்பா, இன்னொன்றில் மனைவி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது, ஒன்றாவது பொய்யாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் சொல்கிற அந்த நிமிடத்தில் அவன் அதை முழுசாக நம்புகிறான். இவன் பொய் சொல்கிறான் என்று பார்வையாளருக்குக் கண்ஜாடை காட்டும் சின்ன அசைவுகூட லெட்ஜரிடம் இல்லை. பயம் அங்கேதான் பிறக்கிறது. அந்த வேலைக்கு நீங்கள் கொடுத்த மரியாதை சரியானது.

அப்புறம் 2020-ல் வாக்கீன் பீனிக்ஸ், சிறந்த நடிகர், 'ஜோக்கர்' படத்துக்காக. அதுவும் தகுதியான விருதுதான். ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூப்பர் ஹீரோ உலகத்திலிருந்து வந்து நடிப்புக்காக ஆஸ்கர் வென்ற இருவரும் ஏற்றது ஒரே பாத்திரம். அந்தப் பாத்திரத்துக்கு அபூர்வ சக்தி எதுவும் கிடையாது, பறக்காது. மனம் சிதைந்த ஒரு மனிதன். பீனிக்ஸின் படத்திலோ சூப்பர் ஹீரோ என்று யாரும் இல்லவே இல்லை. தனிமை, வறுமை, நோயாளி அம்மா, எலும்பு தெரியும் உடம்பு என்று நீங்கள் வழக்கமாக விருது கொடுக்கும் படங்களின் அடையாளம் எல்லாம் அதில் இருந்தது. ஆக, அந்த வகைப் படம் தன் வகையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் உள்ளே விடுகிறீர்கள். போட்டுக்கொண்டு வந்தால் வெளியே நிறுத்துகிறீர்கள்.

எனக்கு இதில் பெரிய ஆதங்கம் ஒன்று உண்டு. சிதைந்தவனை நடிப்பதைவிட நல்லவனை நடிப்பது கடினம். சிதைந்தவனுக்குச் சிரிப்பு, அழுகை, கோபம், நடுக்கம் என்று கையில் பிடித்துக்கொள்ள நிறைய இருக்கிறது. நேர்மையானவன், இரக்கமானவன், பொய் சொல்லத் தெரியாதவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நடிகருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. கொஞ்சம் தவறினால் பொம்மையாகிவிடும், இன்னும் கொஞ்சம் தவறினால் நகைப்புக்கிடமாகிவிடும்.

1978-ல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் செய்ததைப் பாருங்கள். சக நிருபரான லோயிஸ் லேனைச் சூப்பர்மேனாக வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு விடைபெறுகிறான். சற்று நேரத்தில், கண்ணாடி போட்ட கூச்சமான நிருபர் கிளார்க் கென்ட் என்ற தன் மாறுவேடத்தில் அதே வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அவள் கிளம்பத் தயாராவதற்காக உள்ளே போகிறாள். இவன் கூடத்தில் தனியாக நிற்கிறான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் முடிவெடுக்கிறான். கண்ணாடியைக் கழற்றுகிறான். கூன் நிமிர்கிறது, தோள் அகல்கிறது, உயரமே இரண்டு அங்குலம் கூடிவிட்டது போல இருக்கிறது. அவள் பெயரைச் சொல்லும் குரல் வேறு ஆளுடைய குரல். அவள் திரும்பி வந்ததும் தைரியம் போய்விடுகிறது. தோள் மடங்குகிறது, கண்ணாடி மூக்கில் ஏறுகிறது, குரல் பழையபடி மேலே போய்த் தடுமாறுகிறது. கிராஃபிக்ஸ் இல்லை, கயிறு இல்லை, உடைகூட மாறவில்லை. ஒரு மனிதன் தன் முதுகெலும்பை வைத்துக்கொண்டே இரண்டு மனிதர்களாக இருக்கிறான். ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் அடையாளம் தெரியாதா என்று காமிக்ஸ் வாசகர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விக்கு ரீவ் உடம்பால் பதில் சொன்ன காட்சி அது.

பிரிட்டிஷ் அகாடமி அவருக்கு நம்பிக்கைக்குரிய புதுமுகம் என்ற விருதைக் கொடுத்தது. உங்கள் அகாடமி அந்தப் படத்தின் காட்சி விளைவுகளுக்குச் சிறப்பு விருது கொடுத்தது. மனிதன் பறப்பதாகக் காட்டிய கருவிகளுக்கு மரியாதை கிடைத்தது. அவன் பறப்பான் என்று நம்பவைத்த நடிகரின் பெயர் உங்கள் பட்டியலில் வரவில்லை.

1992-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில் மிஷெல் பைஃபரைச் சிறந்த நடிகைக்குப் பரிந்துரைத்தீர்கள், 'லவ் ஃபீல்ட்' படத்துக்காக. நல்ல நடிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆண்டு 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் அவர் கேட்வுமனாக மாறும் செலீனா கைல். ஆளில்லாத தன் வீட்டுக்குள் நுழைந்து, நான் வந்துவிட்டேன் என்று இல்லாத கணவனுக்குக் குரல் கொடுத்து, தனக்குத் திருமணமே ஆகவில்லையே என்று தன்னையே கேலி செய்துகொள்ளும் பெண். பிறகு முதலாளி அவளை ஜன்னல் வழியே தள்ளிவிடுகிறான். பிழைத்து எழுந்து அதே வீட்டுக்குள் வந்து அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்கிறாள். சொல் ஒன்றுதான், ஆள் வேறு. உள்ளே எதுவோ அறுந்துபோனவளின் வெறுமையான குரல் அது. அடுத்த சில நிமிடங்களில் பொம்மைகளைக் கிழிக்கிறாள், சுவருக்குக் கறுப்புச் சாயம் அடிக்கிறாள், தனக்கான உடையைத் தானே தைத்துக்கொள்கிறாள். ஒரு பெண் இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்த அவமானம் எல்லாம் ஒரே இரவில் வெளியே வருகிற காட்சி. இதையே ஒரு குடும்பச் சித்திரத்தில் செய்திருந்தால் அந்த ஆண்டு முழுக்க அதைப் பற்றித்தான் பேசியிருப்பீர்கள்.

சரி, உங்கள் தரப்பிலிருந்து வரும் மறுப்புகளுக்கு வருகிறேன். உடையும் ஒப்பனையும் கணினியும் சேர்ந்து செய்கிற வேலை அது, நடிகர் செய்தது எவ்வளவு என்று எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற படங்களில் நீங்களே இதைப் பிரமாதமாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறீர்களே! 'டார்க்கஸ்ட் அவர்' படத்தில் சர்ச்சிலாக நடித்த கேரி ஓல்ட்மனின் சொந்த முகத்தைச் செயற்கைத் தோலுக்கு அடியில் தேடத்தான் வேண்டும். ஒப்பனைக்கும் விருது கொடுத்தீர்கள், அவருக்கும் கொடுத்தீர்கள். 'தி வேல்' படத்தில் பிரெண்டன் ஃபிரேசருக்கும் அப்படித்தான், ஒப்பனைக்கு ஒன்று, நடிகருக்கு ஒன்று. 'பெஞ்சமின் பட்டன்' படத்தின் முற்பகுதியில் நாம் காணும் முதிய முகம் கணினியில் உருவாக்கி வேறு நடிகர்களின் உடல்மேல் பொருத்தியது. முகபாவம் மட்டும் பிராட் பிட்டுடையது. அவரையும் பரிந்துரைத்தீர்கள். சர்ச்சிலின் தாடைக்குள் நடிகரைக் கண்டுபிடிக்க முடிந்த கண்களுக்கு ஒரு முகமூடிக்குள் கண்டுபிடிக்க முடியாதா?

ஓல்ட்மன் வென்ற அதே ஆண்டுதான் 'எக்ஸ்-மென்' வரிசையில் வந்த சூப்பர் ஹீரோ படமான 'லோகன்' போட்டியில் இருந்தது. தழுவல் திரைக்கதைக்குப் பரிந்துரை கிடைத்தது, நடித்தவர்களுக்கு எதுவும் இல்லை. இந்த ஒன்றை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பேட்ரிக் ஸ்டூவர்ட் அதில் தொண்ணூறு வயதைத் தொட்ட சார்லஸ் சேவியர். உலகத்திலேயே வலிமையான மூளை, இப்போது மறதி நோயில் கரைந்துகொண்டிருக்கிறது. முந்தைய படங்களில் எல்லோருக்கும் ஆசானாக இருந்தவரை லோகன் கழிப்பறைக்குத் தூக்கிப் போக வேண்டியிருக்கிறது. ஸ்டூவர்ட் அந்த முதியவரை இரக்கத்துக்கு ஏங்குபவராக நடிக்கவில்லை. எரிச்சல்படுகிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார், திடீரென்று பழைய கம்பீரம் ஒரு நிமிடம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கையில் கிடந்தபடி பேசுகிறார். நீண்ட காலத்துக்குப் பிறகு இன்றைய இரவுதான் நன்றாக இருந்தது, அதற்கு எனக்குத் தகுதியில்லை என்கிறார். தான் செய்துவிட்ட ஒரு பெரிய கொடுமை அப்போதுதான் அவர் நினைவுக்குத் திரும்பி வருகிறது. நினைவு திரும்புவதை ஒரு முகத்தில் அத்தனை மெதுவாக, அத்தனை வலியோடு நான் பார்த்ததில்லை. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொண்ட யாரும் அந்தக் காட்சியைக் கடந்து போக முடியாது.

அதற்குப் பின் சேவியர் இறந்து, லோகன் அவரைப் புதைக்கும் காட்சி. ஹியூ ஜாக்மன் 2000-லிருந்து லோகன் பாத்திரத்தைச் சுமந்து வந்தவர், பதினேழு ஆண்டுகள். குழியருகே நின்று ஏதோ சொல்லத் தொடங்குகிறார். பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. விலகி நடக்கிறார். வண்டி கிளம்பவில்லை, அவ்வளவுதான், மண்வெட்டியால் வண்டியை அடித்து நொறுக்கத் தொடங்குகிறார். அழத் தெரியாத ஒரு மனிதனின் அழுகை அது. மண்வெட்டியைத் தவிர வேறு ஆயுதமோ வித்தையோ அந்தக் காட்சியில் இல்லை.

இன்னொரு மறுப்பு, அந்தப் படங்களே கலை அல்ல என்பது. இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி 2019-ல் அவற்றைக் கேளிக்கைப் பூங்காக்களோடு ஒப்பிட்டுப் பேசியது நினைவிருக்கும். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது படங்களைப் பற்றிய கேள்வி. உங்கள் கையில் இருக்கும் சீட்டு ஒரு நடிகரைப் பற்றியது. சுமாரான படத்தில் வந்த நல்ல நடிப்பைத் தேடிப் பிடித்துப் பரிந்துரைத்த நல்ல வழக்கம் உங்கள் பிரிவுக்கு எப்போதும் உண்டு. அந்த வழக்கம் இந்த வகைக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போக வேண்டும்? இத்தனைக்கும் உங்கள் முன்னோர்கள் இன்னும் தாராளமாக இருந்திருக்கிறார்கள். 1932-லேயே 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்துக்காக, குரங்கு முகமும் கோரைப் பல்லுமாக நடித்த ஃபிரெட்ரிக் மார்ச்சுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. வேற்றுக்கோள் ஜந்துக்களோடு மோதிய சிகோர்னி வீவர் 'ஏலியன்ஸ்' படத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்டார். 'டிக் ட்ரேசி' என்ற காமிக்ஸ் படத்தில் முகமெல்லாம் ஒட்டுவேலையோடு வந்த அல் பசினோவையும் 1991-ல் பரிந்துரைத்தார்கள்.

வேலை நடக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிரே நடிகர் இல்லாமல், பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பதற்கான பச்சைத் திரையான கிரீன் மேட்டுக்கு முன்னால் நடிப்பது சுலபம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம், நீங்கள் நினைக்க முடியாது. எதிரே குச்சியில் செருகிய ஒரு பந்து இருக்கும். அதைப் பார்த்து மகனே என்று உருக வேண்டும். 'தி ஹாபிட்' படப்பிடிப்பில் சக நடிகர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல், அவர்களுடைய படங்களை வைத்துக்கொண்டு தனியாக நடிக்க நேர்ந்தபோது மனமுடைந்து அழுதுவிட்டதாக இயன் மெக்கெல்லன் பின்னர் சொன்னார். மேடையில் ஷேக்ஸ்பியரை அநாயாசமாகச் செய்தவர் அவர். எதிரில் இருப்பவர் கொடுப்பதை வாங்கித் திருப்பிக் கொடுப்பதுதான் நடிப்பு என்றால், கொடுக்க ஆளே இல்லாதபோது இரண்டு பேர் வேலையையும் ஒருவரே மனதுக்குள் செய்தாக வேண்டும். 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் ஜாஷ் புரோலின் வில்லன் தானோஸாக வளர்ப்பு மகளைப் பலிகொடுக்கும் இடத்தில், அந்த ஊதா நிற ராட்சத முகத்தில் ஓடும் தயக்கமும் கண்ணீரும் ஒரு நடிகரின் முகத்தசைகளிலிருந்து எடுத்தவை.

ஆஞ்சலா பாஸெட்டை நீங்கள் பரிந்துரைத்ததை மறக்கவில்லை. 'வகாண்டா ஃபாரெவர்' படத்துக்காக 2023-ல் அவர் துணை நடிகைப் பட்டியலில் இடம்பெற்றார். மார்வெல் ஸ்டூடியோஸ் படம் ஒன்றில் நடித்ததற்காக ஒருவர் ஆஸ்கர் பட்டியலில் வந்தது அதுவே முதல் முறை. முதல் பாகமான 'பிளாக் பாந்தர்' படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மன் இறந்த பின் எடுத்த படம். கதையில் ஒரு தாய் மகனை இழந்திருக்கிறாள், படப்பிடிப்பில் ஒரு குழு தன் தோழனை இழந்திருக்கிறது. சிம்மாசனத்தின் முன் நின்று என் குடும்பமே போய்விட்டது, இன்னும் நான் எதைக் கொடுக்க வேண்டும் என்று அவர் வெடிக்கும்போது அரசியும் தாயும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அவர் வெல்லவில்லை என்பதில் எனக்குச் சண்டை இல்லை, ஐந்து பேரில் ஒருவர்தான் வெல்ல முடியும். பட்டியலில் அவர் இருந்தார், நடிப்பைப் பற்றிப் பேச்சு நடந்தது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தப் பேச்சு ஸ்டூவர்ட்டைப் பற்றியும் பைஃபரைப் பற்றியும் நடந்திருக்க வேண்டும்.

இப்போது என் வேண்டுகோள்கள்.

ஜனரஞ்சகப் படங்களுக்கென்று தனி விருது என்ற யோசனையைத் தயவுசெய்து மறுபடி எடுக்காதீர்கள், மற்ற பிரிவினர் எடுத்தாலும் எதிர்த்துப் பேசுங்கள். 2018 ஆகஸ்டில் அகாடமி அதை அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே தள்ளிவைத்தது. தனிப் பந்தி போட்டு உட்காரவைப்பது மரியாதை ஆகாது. 'பிளாக் பாந்தர்' எந்தச் சலுகையும் இல்லாமல் சிறந்த படத்துக்கான பொதுப் பட்டியலிலேயே இடம்பிடித்தது, மூன்று விருதுகளும் வாங்கியது. திரை நடிகர் சங்கம் அந்தப் படத்தின் நடிகர் குழுவுக்கே தன் தலையாய விருதைக் கொடுத்தது. அதில் வாக்களித்தவர்களும் நடிகர்கள்தான்.

அடுத்தது வாக்குச்சீட்டைப் பற்றி. பரிந்துரைச் சுற்றில் ஐந்து பெயர்களை விருப்ப வரிசையில் எழுதுகிறீர்கள். முதலிடத்தில் எழுதும் பெயருக்குத்தான் பலம் அதிகம். நாலாவதும் ஐந்தாவதுமாக எத்தனை பேர் எழுதினாலும் அந்தப் பெயர் எண்ணிக்கைக்கே வராமல் போகக்கூடும். ஒரு சூப்பர் ஹீரோ படத்து நடிப்பு உங்களை உண்மையிலேயே உலுக்கியிருந்தால், பெருந்தன்மைக்காகக் கடைசியில் ஒரு ஓரமாக எழுதாதீர்கள். முதலில் எழுதுங்கள்.

மூன்றாவது, பார்ப்பது. இறுதிச் சுற்றில் வாக்களிக்க வேண்டுமானால் அந்தந்த விருதுக்குப் போட்டியிடும் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று 2025-ல் அகாடமி விதி கொண்டுவந்தது. நல்ல விதி. பரிந்துரைச் சுற்றில் வெளியான அத்தனை படங்களையும் பார்ப்பது யாராலும் முடியாது, அது புரிகிறது. ஆனால் ஓர் ஆண்டில் வரும் சூப்பர் ஹீரோ படங்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். அவற்றில் நடிப்புக்காகப் பேசப்படுபவை ஒன்றோ இரண்டோதான். அவற்றைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன். போஸ்டரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக, உங்களில் அந்த உடையை அணிந்தவர்களுக்கு. உங்கள் பிரிவில் அப்படி நிறையப் பேர் இருக்கிறீர்கள், ஆஸ்கர் வென்றவர்களும் இருக்கிறீர்கள். மைக்கேல் கீட்டன் பேட்மேனாக நடித்தபோது கிடைக்காத பரிந்துரை, ஒரு காலத்தில் சூப்பர் ஹீரோவாக நடித்து ஓய்ந்துபோன நடிகனாக 'பேர்ட்மேன்' படத்தில் நடித்தபோது கிடைத்தது. அந்த வேலையை நினைத்துக் கூசுபவனாக நடித்தால் பாராட்டு, அந்த வேலையையே செய்தால் மௌனம் என்று ஆகிவிட்டது. இதை மாற்ற உங்களால் முடியும். பேட்டிகளில் அந்தப் படங்களைச் சம்பளத்துக்காகச் செய்த வேலை போலச் சிரித்துக் கடந்துபோகாதீர்கள். எந்த ஷாட் உங்களைத் தூங்கவிடாமல் செய்தது, எந்த டேக்கில் பாத்திரம் பிடிபட்டது, முகமூடி போட்டபின் வெறும் தாடையையும் குரலையும் வைத்து எப்படிச் சமாளித்தீர்கள் என்று சக உறுப்பினர்களிடம் விவரமாகச் சொல்லுங்கள். அடுத்த பரிந்துரைச் சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வேலையை நேசிக்கும் ஒரு பார்வையாளர்